பக்கத்து மண்டபத்தில் இருந்தவள்

1

போன வருசம் இதே வாரம் நான் ஊரில் இருந்தேன். திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகவில்லை. என் தங்கச்சிக்கு எதிராக வந்த ஒரு தீர்ப்பை நீக்கிவிடும்படி கேட்கும் விசாரணைக்குப் போயிருந்தேன். நீதிமன்றத்தின் மர வாங்கில் அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் மகள் அபிரா. வெளியில் வெயில் கொளுத்தியது. 

இன்று காலை, டென்மார்க்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில், மின்னடுப்பிலிருந்து வெந்த பாணை வெளியே எடுக்கும்போது அது நினைவுக்கு வந்தது. கூட வேலை செய்யும் கீர்ஸ்டன், "என்ன, தனியாகச் சிரிக்கிறாய்?" என்று கேட்டாள். ஒரு வாடகை வழக்கை நினைத்துச் சிரிக்கிறேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. இந்த நாட்டில் வாடகை வழக்கை நினைத்து யாரும் சிரிப்பதில்லை. ஊரிலும் இல்லைத்தான்.

வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்களுக்குப் பனி, தனிமை, பிள்ளைகள் தமிழை மறப்பது என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. நானும் அப்படி இரண்டு மூன்று எழுதியவள்தான். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு அது அலுத்துப்போயிருக்கும். இந்த முறை ஊரில் நடந்ததையே ஊருக்கு எழுதுகிறேன். எங்களுக்கு நல்லது செய்யவேண்டிய எந்தக் கட்டாயமும் இல்லாத ஒருவரைப் பற்றி.

2

தங்கச்சியின் பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் சிவகாமசுந்தரி. அந்தப் பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவள் பேபி. நெல்லியடிச் சந்தையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பழைய கடைவளவை வாடகைக்கு எடுத்து அவளும் கணவன் ஜெகனும் பேக்கரி நடத்தினார்கள். ஜெகன் கட்டாரில் வேலை செய்த காலத்தில் எடுத்த இடம் என்பதால் வாடகை ஒப்பந்தம் பேபியின் பெயரில் இருந்தது.

ஜெகன் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, அந்த வளவில் பாண் சுடுவதற்கு ஒரு விறகுப் போறணை கட்டியது. செங்கல்லும் களிமண்ணும் வைத்து, தளத்துக்குக் கீழே உப்பும் உடைந்த போத்தல் ஓடும் கொட்டிப் பரப்பி, மேசனோடு தானும் ஒரு ஆளாக நின்று கட்டினான். முதல் மூன்று மாதமும் பாண் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் வந்ததாம். பிறகு போறணை பழகிவிட்டது. போறணைதான் பழகியது, தான் அல்ல என்றுதான் ஜெகன் இன்றைக்கும் சொல்வான். அந்தப் போறணையை நம்பி அவர்கள் குடும்பமும், அங்கே வேலை செய்கிற இன்னும் சில குடும்பங்களும் இருந்தன.

வளவின் சொந்தக்காரர் கனடாவில். இந்த வளவில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட அவருக்கு எண்ணம். எழும்பித் தரும்படி கேட்டார். இவர்கள் கொஞ்சம் அவகாசம் கேட்டார்கள். மா குழைக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், தட்டுகளைக் கொண்டு போகலாம். போறணையை எப்படித் தூக்குவது? பேபியின் சீதனக் காணி ஒன்று கரவெட்டிப் பக்கம் சும்மா கிடந்தது. அதில் புதிதாகக் கட்டும்வரைக்கும் விடுங்கள் என்றார்கள். அவகாசம் கேட்கிறவர்களைப் பற்றிக் கடல் தாண்டி இருக்கிறவருக்கு என்ன தோன்றும்? சாட்டுச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அவரைப் போன்ற ஒருத்திதான். எங்களுக்கும் ஊரில் ஒரு துண்டுக் காணி உண்டு. அதைக் கைத்தொலைபேசிப் படத்தில் பார்த்து, மதில் கட்டியாயிற்றா, பக்கத்துக்காரர் வேலியை நகர்த்திவிட்டாரா என்று கவலைப்படுகிறவள் நான். படத்தில் காணி தெரியும். அதில் விடியற்காலையில் எழும்பி வேலை செய்கிற ஆட்கள் தெரிவதில்லை.

கனடாக்காரரின் தமையன் தம்பிராசா ஊரிலேயே இருந்தார். இளைப்பாறிய தபாலதிபர். தம்பியின் அற்றோணித் தத்துவம் அவரிடம் இருந்தது. தம்பிக்குப் பதிலாக வழக்குப் போடவும் கையெழுத்து வைக்கவும் அவருக்கு உரிமை. அவர்தான் வழக்கைப் போட்டார்.

3

அழைப்பாணை பேபியின் கைக்கு வந்தபோது அவள் பயந்துபோனாள். கோட்டுப் படியேறாத குடும்பம் எங்களுடையது. காணி எல்லைச் சண்டைகூட மாமாமார் வந்து இருந்து கதைத்து முடிந்துவிடும். தெரிந்த ஒருவர், "முதல் தவணைதானே, நீ போய் நிண்டால் காணும். நீதிபதி கேட்டால் சட்டத்தரணி வைக்கத் தவணை தாங்கோ எண்டு சொல்லு" என்றார். ஜெகன் கூட வருவதாகச் சொன்னான். அன்றைக்குப் பார்த்து ஒரு கோயிலுக்குப் பாண் ஓடர் இருந்தது. "நான் போட்டு வாறன், நீங்கள் போறணையைப் பாருங்கோ" என்று பேபி தனியாகப் போனாள்.

ஒரே வளவுக்குள் இரண்டு நீதிமன்றங்கள். ஒன்று குற்ற வழக்குகளுக்கு, மற்றது காணி, வாடகை, குடும்ப வழக்குகளுக்கு. இரண்டு மண்டபத்துக்கும் நடுவில் ஒரு விறாந்தை. பேபிக்கு இரண்டு இருப்பதே தெரியாது. சனம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் போனாள். கையில் அழைப்பாணையை மடித்து வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தாள். பெயர்கள் கூப்பிடப்பட்டன. கள்ள மண் ஏற்றினவர், லைசன் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடினவர், அடிபட்டவர், அடித்தவர். சிவகாமசுந்தரி என்ற பெயர் மட்டும் வரவில்லை.

அந்தப் பெயர் பக்கத்து மண்டபத்தில் மூன்று முறை கூப்பிடப்பட்டது. எதிராளி வரவில்லை என்று பதியப்பட்டது.

மதியத்துக்கு நீதிபதி எழும்பிப் போனதும், பேபி பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம், "பேர் கூப்பிடேல்லையெண்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டாளாம். "கூப்பிடேல்லையெண்டால் பிறகு கடிதம் போடுவினம். நீங்கள் போங்கோ" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பேபிக்கு நிம்மதி. வரும் வழியில் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கடிதம் வரத்தான் செய்தது. நீதிமன்றக் கட்டளைகளைக் கையளிக்கும் உத்தியோகத்தர், பழைய ஆட்கள் இன்னும் பிஸ்கால் என்று சொல்கிறவர், பேக்கரி வாசலில் வந்து நின்றார். எதிராளி சமுகமளிக்காதபடியால் ஒருபக்க விளக்கத்தில் வழங்கிய தீர்ப்பு. வளவைக் காலி செய்து கொடுக்கவேண்டும்.

எனக்குத் தொலைபேசி எடுத்தபோது பேபி அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா, நான் போனனான். விடியவே போய் மத்தியானம் மட்டும் இருந்தனான். நான் வரேல்லை எண்டு எழுதியிருக்கினம். நான் பொய் சொல்லுறன் எண்டு நீங்களும் நினைப்பியளோ?"

"இல்லையடி. முதல் ஒரு சட்டத்தரணியைப் பிடி. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

பிடித்தார்கள். கௌரி என்று ஒரு இளம் பெண் சட்டத்தரணி. அவளை நினைத்தால் இன்றைக்கும் கையெடுக்கத் தோன்றுகிறது. பேபி சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, அவளுடைய அழைப்பாணையைத் திருப்பிப் பார்த்து, "நீங்கள் எந்த மண்டபத்திலை இருந்தனீங்கள்? நீதிபதி ஆம்பிளையோ பொம்பிளையோ?" என்று கேட்டாளாம்.

"ஆம்பிளை."

"இந்த வழக்கு நடக்கிறது பொம்பிளை நீதிபதியிட்டை, அக்கா. நீங்கள் மாறி இருந்திட்டியள்."

அந்த நிமிசம்தான் என் தங்கச்சிக்கு என்ன நடந்தது என்று தெரிந்தது. தீர்ப்பு கையில் கிடைத்துப் பதினான்கு நாளுக்குள் மனுப்போட்டு, வராததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று காட்டினால் தீர்ப்பை நீக்கலாம் என்று கௌரி சொன்னாள். அன்றைக்கே சத்தியக் கடதாசி எழுதி, அவகாசம் முடியுமுன்னர் மனுவும் போட்டுவிட்டாள். "காரணம் உண்மைதான். ஆனால் காட்டுறதுக்குத்தான் ஒண்டும் இல்லை" என்றும் சொன்னாள்.

4

அபிரா கோப்பன்ஹேகனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். முதல் இரண்டு வசனம் தமிழ், பிறகு டேனிஷ். சில கிழமைகளில் எடுப்பதும் இல்லை. சித்தியின் கதையைச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி.

"சித்தி ஏன் முதலே ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை?"

அவளைப் பிழை சொல்ல முடியாது. இந்த நாட்டில் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பிலேயே முதலில் பழக்குவது கேட்பதைத்தான். தெரியாததைக் கேட்காமல் இருப்பது இங்கே ஒரு குறை. எங்கள் பக்கத்தில் அலுவலகங்களில் கேட்பது ஒரு பயம். கேட்டால் ஏசுவார்களோ, இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று சொன்னேன். நான் டென்மார்க்குக்கு வந்த முதல் வருசம். வதிவிட அனுமதிக்கான நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் இருந்தவர் அறை எண்ணை வாயால் சொன்னார். டேனிஷில் ஐம்பதுக்கு ஹல்ட்ரெஸ், எழுபதுக்கு ஹல்ஃபியர்ஸ். இரண்டையும் அவர்கள் பாதி விழுங்கித்தான் சொல்வார்கள். இன்றைக்கும் கடையில் மிச்சக் காசு வாங்கும்போது எனக்கு ஒரு கணம் தடுமாறும். அன்றைக்கு ஐம்பதாம் அறைக்குப் போகவேண்டியவள் எழுபதாம் அறை வாசலில் போய் இருந்தேன். காலை முழுவதும் இருந்தேன். கதவு திறந்து மூடியது, ஆட்கள் போய் வந்தார்கள். என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. நான் எழும்பிக் கேட்கவில்லை. வாய் திறந்தால் எனக்கு அவர்கள் மொழி தெரியாது என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். வயிற்றில் அபிரா.

மதியச் சாப்பாட்டுக்குப் போன ஒரு பெண், போகிறபோக்கில் என் கையிலிருந்த கடதாசியை எட்டிப் பார்த்தாள். நின்றாள். என் முழங்கையைப் பிடித்து எழுப்பி, படியால் கீழே கூட்டிக்கொண்டு போய், சரியான கதவைத் தட்டி, உள்ளே இருந்தவர்களிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் தங்கள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னை உள்ளே எடுத்தார்கள். அவள் பெயரும் தெரியாது. முகமும் இப்போது சரியாக நினைவில்லை. நான் இந்த நாட்டில் இருப்பதற்கும் நீ இங்கே பிறந்ததற்கும் அவளும் ஒரு காரணம் என்றேன்.

 அபிரா தமிழில் கேட்டாள். "அம்மா, இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

விசாரணைக்கு ஊருக்குப் போகப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "விசாரணைக்கு நீங்கள் போகேக்கை நானும் வாறன்" என்றாள்.

விடுப்புக் கேட்டபோது என் மேலாளர், தங்கையின் வாடகை வழக்குக்கு நான் ஏன் இவ்வளவு தூரம் போகவேண்டும் என்று கேட்டார். அவள் பயப்படுகிறாள், நான் பக்கத்தில் இருக்கப் போகிறேன் என்றேன். வேறு கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்தார். இப்படி யோசித்துக்கொண்டே போனால் நன்றி சொல்லவேண்டியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

5

நெல்லியடியில் போய் இறங்கிய முதல் நாளே அபிரா ஒரு கூத்து நடத்தினாள். ஜெகனுக்கு ஆறுதல் சொல்ல நினைத்து, சினிமாவில் பழகிய தமிழில், "சித்தப்பா, எனக்குச் சரியான வருத்தம்" என்றாள். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். ஜெகன் பதறிப்போய், "ஐயோ பிள்ளை, பிளேனிலை வந்த களையாய் இருக்கும், காய்ச்சலோ?" என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்து, குளிசை வாங்க சைக்கிளை எடுத்துவிட்டான். அவனைத் தடுத்து விசயத்தைச் சொன்னதும் பேபி சிரித்தாள். தீர்ப்பு வந்தபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான் என்று ஜெகன் பின்னால் என்னிடம் சொன்னான்.

விசாரணை நாள். அபிரா காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தாள். பெண் பொலிஸ் ஒருவர் வந்து, "தங்கச்சி, காலைக் கீழை போடுங்கோ. கோட்டுக்குள்ளை அப்பிடி இருக்கக்கூடாது" என்றார். அபிரா முகம் சிவந்து காலை இறக்கினாள். எங்களுக்கு எதிர்ப்பக்க வாங்கில் தம்பிராசா ஐயா. வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, மடியில் ஒரு குடை. எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

பேபி சாட்சிக் கூண்டில் ஏறினாள். கௌரி கேட்டதற்கெல்லாம் மெதுவாகப் பதில் சொன்னாள். பிறகு மற்றப் பக்கச் சட்டத்தரணி எழும்பினார். வயதான, அனுபவமுள்ள மனிதர். குரல் உயர்த்தவே இல்லை.

"அன்றைக்கு நீங்கள் நீதிமன்றத்துக்கு வந்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா?"

"இல்லை."

"உங்களைக் கண்டவர் யாராவது?"

"நிறையச் சனம் இருந்தது. எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"அழைப்பாணையில் எந்த நீதிமன்றம் என்று தெளிவாகத் தமிழில் இருக்கிறது. வாசிக்கத் தெரியும்தானே?"

"தெரியும். பயத்திலை தேதியை மட்டும்தான் பாத்தனான்."

"நீங்கள் அன்றைக்கு வரவேயில்லை. தீர்ப்பு வந்தபிறகு இப்படி ஒரு கதையைச் சோடித்திருக்கிறீர்கள் என்று நான் சொல்கிறேன்."

பேபியின் கை கூண்டின் கட்டையைப் பிடித்திருந்தது. 

"நான் வந்தனான், ஐயா. எனக்கு முன்னுக்கு ஒரு அம்மா கைப்பிள்ளையோடை இருந்தவ. பிள்ளை அழ, பொலிஸ் அவவை வெளியிலை கூட்டிக்கொண்டு போனது. அவ இருந்த யன்னலடியிலை காத்துப் பிடிக்குமெண்டு நான் எழும்பிப் போய் யன்னலோடை இருந்தனான். மத்தியானம் மட்டும் அந்த யன்னலோடைதான் இருந்தனான். வேறை என்னத்தைச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

சட்டத்தரணி வேறு கேள்வி இல்லை என்று உட்காரப் போனார். அப்போது பின்னால் வாங்கு கிறீச்சிட்டது. தம்பிராசா ஐயா எழும்பி நின்றார்.

"கனம் கோட்டார் அவர்களே, நான் ஒண்டு சொல்லவேணும்."

அவருடைய சட்டத்தரணி திரும்பி, இருக்கும்படி கையால் காட்டினார். அவர் இருக்கவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நீங்கள் யார்?"

"வழக்காளியின்ரை தமையன். அவருக்கு அற்றோணி."

நீதிபதி அவருடைய சட்டத்தரணியைப் பார்த்தார்.  "சொல்ல இருந்தால் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

பேபி இறங்க, அவர் ஏறினார். ஒடுங்கிய இடம். ஒருவரையொருவர் உரசாமல் விலக இரண்டு பேரும் பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அந்தப் பிள்ளை சொல்லுறது சரி. அண்டைக்கு வந்தது. நான் கண்டனான். பக்கத்து மண்டபத்திலை யன்னலோடை இருந்தது. நான் விறாந்தையாலை வரேக்கை கண்டனான்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?"

"பேக்கரிக்காரர்தானே, சுகாதாரப் பரிசோதகர் போட்ட வழக்கு ஏதும் இருக்கும், அதுக்கு வந்திருக்கினம் எண்டு நினைச்சன். எங்கடை வழக்குக்குப் பேர் கூப்பிடேக்கை வராதபடியால், தெரிஞ்சுகொண்டுதான் வரேல்லை எண்டு நினைச்சன். இப்ப யன்னல் எண்டு சொல்லேக்கைதான் எனக்கு விளங்கினது. பிள்ளை இடம் மாறி இருந்திருக்குது."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். "இதைச் சொன்னால் உங்கள் தம்பிக்குக் கிடைத்த தீர்ப்பு இல்லாமல் போகலாம். அது தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். அபிரா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எவ்வளவு அவளுக்கு விளங்கியதோ தெரியாது. அந்த ஒரு சொல் விளங்கியிருக்கவேண்டும்.

அன்றைக்கே கட்டளை வந்தது. வராததற்குத் தகுந்த காரணம் காட்டப்பட்டிருக்கிறது, தீர்ப்பு நீக்கப்படுகிறது, எதிராளி மறுமொழி தாக்கல் செய்யலாம். பேபி என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இனி என்ன?" என்றாள். வழக்கு முதலிலிருந்து தொடங்கும் என்றேன். தொடங்கட்டும் என்று சொன்னவள் அப்போதுதான் அழுதாள்.

6

வெளியில் வேப்பமர நிழலில் தம்பிராசா ஐயா சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பேபி அவரை நோக்கி நடந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். என்ன சொல்வது?

இங்கே டென்மார்க்கில் நன்றி சொல்லாமல் ஒரு மணித்தியாலம் ஓடாது. பேருந்து ஓட்டுநருக்கு நன்றி, கடைக்காரருக்கு நன்றி, சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவருக்கு நன்றி, நேற்றைய நாளுக்காக இன்றைக்கு நன்றி. எங்கள் ஊரில் அந்தச் சொல் மேடைக்கும் கல்யாண அட்டைக்கும்தான். நேருக்கு நேர் சொன்னால் அந்நியமாக ஒலிக்கும். அபிராவுக்கு அது தெரியாது. அவள் நேராகப் போய், "நன்றி ஐயா" என்று தெளிவாகச் சொன்னாள். அவர் யாரோ பரிசு கொடுக்கக் கூப்பிட்டது போல விழித்தார்.

பேபி கிட்டப் போனாள். "ஐயா, சாப்பிட்டிட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை. வீட்டை போய்த்தான்."

"பேக்கரிக்கு வாங்கோவன். போற வழியிலைதானே."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "இப்ப வரக்கூடாது, பிள்ளை. வழக்கு முடியேல்லை. அடுத்த தவணைக்கும் நான் தம்பியின்ரை பக்கம்தான் நிப்பன். அவன்ரை காணி. அவனுக்கு அது வேணும். அதுவும் ஞாயம்தானே?"

"ஓம் ஐயா. ஞாயம்தான்."

"வழக்கு முடிஞ்சால் வாறன்" என்று ஏறி மிதித்தார்.

முச்சக்கரவண்டியில் வரும்போது அபிரா என்னிடம் டேனிஷில் கேட்டாள்: அந்த ஆள் எங்கள் பக்கமா, இல்லையா? இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் சொன்னார்? கண்டபடியால் சொன்னார் என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பயணத்தில் அவள் தன் கைத்தொலைபேசியை எடுக்காமல் இருந்த ஒரே அரை மணித்தியாலம் அதுதான்.

7

கனடாவிலிருந்து தம்பி கடும் கோபத்தில் எடுத்தாராம். இரண்டு கிழமை அண்ணனோடு பேசவில்லையாம். இதெல்லாம் கௌரி மூலம் பிறகு வந்த செய்தி. அண்ணன் அற்றோணித் தத்துவத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி அதைக் கேட்டுத்தான் இறங்கி வந்தார். தமையன் கையைத் தவிர வேறு யார் கையில் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த தவணையில் இரண்டு பக்கமும் இருந்து பேசினார்கள். தம்பிராசா ஐயா விட்டுக்கொடுத்துப் பேசவில்லை என்று பேபி சொன்னாள். வளவை எப்போது தருவீர்கள் என்று ஒரு திகதி கேட்டார். புதுப் போறணை கட்டி, அது பழகும்வரைக்கும் வேண்டும் என்று ஜெகன் கேட்டான். போறணை பழகுவது என்றால் என்ன என்று அவர் கேட்டு, ஜெகன் விளங்கப்படுத்தி, அவர் அதைத் தம்பிக்கு விளங்கப்படுத்தி, ஒரு திகதியில் வந்து நின்றார்கள். நீதிமன்றத்தில் இணக்கமாகப் பதியப்பட்டது. கனடாக்காரர் தன் மண்டபத்தை ஒத்திவைத்துக் காத்திருந்தார். அவர் இதை வாசிப்பாரோ தெரியாது. வாசித்தால், ஒருமுறையும் சந்திக்காத ஒருத்தி அவருக்கும் கடமைப்பட்டிருக்கிறாள் என்று அறிந்துகொள்ளட்டும்.

அபிரா இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுக்கிறாள் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். அப்படி இல்லை. சில கிழமை எடுப்பாள், சில கிழமை இல்லை. ஆனால் எனக்கு எடுக்காத கிழமையிலும் சித்திக்கு எடுக்கிறாள் என்று கண்டுபிடித்தேன். எனக்கு அது கொஞ்சம் கோபம், நிறையச் சந்தோசம்.

கரவெட்டிக் காணியில் புதுப் போறணைக்கு நெருப்பு வைத்த அன்று பேபி காணொளியில் எடுத்தாள். நான் வேலைத்தலத்தில், உடுப்பு மாற்றும் அறையில் நின்றேன். ஜெகன் முகம் முழுக்கக் கரி. முதல் பாண் ஒரு பக்கம் கருகித்தான் வந்தது. யாரும் கவலைப்படவில்லை. "அக்கா, பொறுங்கோ, ஒராள் உங்களோடை கதைக்கவேணுமாம்" என்று பேபி தொலைபேசியைக் கைமாற்றினாள். கருகாத பக்கத்தில் பிய்த்த ஒரு துண்டுப் பாணைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பிராசா ஐயாவின் முகம் திரையை நிறைத்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைத் தேடினார்.

மாதக்கணக்காக அவருக்குச் சொல்ல வைத்திருந்தவை எத்தனையோ. இரவில் படுக்கையில் கிடந்து சொற்களை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். தமிழிலும் பார்த்தேன், டேனிஷிலும் பார்த்தேன்.

"பிள்ளை, உங்கை சரியான குளிரோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா," என்றேன், "சரியான குளிர்."

"கவனம் பிள்ளை. காதைக் கட்டிக்கொண்டு வெளியிலை போ" என்றார். பாணை வாயில் வைத்தார்.